கால் போய்ச் சேரும் இடம்

பேகம்பூரில் போய் இஷாக் வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். பஞ்சு பாய் வீடு என்று கேட்டால் ஒரே வீடுதான். பஞ்சு வியாபாரம் செய்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஓட்டும் அம்பாசிடரில் பின் சீட்டில் உட்கார்ந்து, விளிம்பு வரை ஊற்றிய டீயைக் கையில் பிடித்தபடி வத்தலக்குண்டு வரை போகலாம், வேட்டியில் ஒரு சொட்டு விழாது என்று யாரோ எப்போதோ சொன்னது பேராகவே நிலைத்துவிட்டது. அவர் பிரேக் பிடித்ததே வண்டி நின்ற பிறகுதான் தெரியும். அப்படி ஒரு கால்.

நான் ராயப்பராஜ். நத்தம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். கார்புரேட்டர் உள்ள வண்டி எதுவாக இருந்தாலும் பார்ப்பேன். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்க்கிற வண்டிகளை வேறு ஆளிடம் அனுப்பிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வண்டியில் கோளாறு என்றால் வண்டியில் கோளாறு என்பேன், ஓட்டுகிறவனிடம் கோளாறு என்றால் அதையும் மூஞ்சிக்கு நேரே சொல்வேன். அதனால் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். "ஒங்க நாக்குக்கும் ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங் போட்டாத் தேவல" என்பாள் என் வீட்டுக்காரி ஆரோக்கியம்மாள்.

பாய்க்கு அறுபத்தாறு வயது. இருபத்திரண்டு வயதில், தோல் பதனிடுகிற ஒரு தோல்ஷாப் முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தார். நாலு வருஷம் கழித்து முதலாளி இந்த அம்பாசிடரைப் புதிதாக வாங்கினார். பால் நிறம். அன்றிலிருந்து அந்த வண்டியை வேறு யாரும் ஓட்டியதில்லை. தோல்ஷாப்பை மூடியபோது முதலாளி வீட்டில் வண்டியை அவரிடமே விட்டுவிட்டார்கள். பாயின் மூன்று பெண்களும் கல்யாணமாகி அந்த வண்டியில்தான் புகுந்த வீடு போனார்கள். நடுவில் பல வருஷம் அதைச் சீந்துவாரில்லை. சின்னக் கார்கள் வந்து ஊரை நிறைத்தன. இப்போது என்னடா என்றால் பழைய கார்தான் கல்யாணத்துக்கு அழகு என்று ஆகிவிட்டது. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பாயைத் தேடி ஆள் வருகிறார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம். வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார். வெறுங்காலோடுதான் ஓட்டுவார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "செருப்பு போட்டு மிதிக்கிறது, கையொற மாட்டிக்கிட்டு சோறு திங்கிற மாதிரி தம்பி" என்றார். நான் இரண்டு நாள் வெறுங்காலோடு ஓட்டிப் பார்த்தேன். உள்ளங்கால் சுட்டதுதான் மிச்சம்.

போன வைகாசியில் ஒரு காலை, நான் பட்டறைக் கதவைத் தூக்கும்போதே பாய் வண்டியோடு வாசலில் நின்றார். சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். முந்தின நாள் வேடசந்தூர் ரோட்டில் ஒரு டிராக்டரைத் தாண்டுவதற்காக ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்திருக்கிறார். தாண்டிய பிறகு காலை எடுத்தும் வண்டி வேகம் குறையவில்லை. கிளட்சை மிதித்தால் எஞ்சின் அலறுகிறது, விட்டால் வண்டி பாய்கிறது. எதிரே மில் ஷிப்ட் விட்டு வந்த சைக்கிள்காரர்கள் இரண்டு பேர் ரோட்டோரம் குதித்திருக்கிறார்கள். கடைசியில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தி, ஒரு புளியமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். பெடலை இன்னொரு முறை மிதித்து விட்டதும் சரியாகிவிட்டதாம். வீடு வரைக்கும் வண்டி ஒரு குறும்பும் செய்யவில்லையாம்.

ஆக்சிலேட்டர் சிக்கிக்கொள்வது ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. பெடலை மிதித்தால் அதில் கட்டிய கேபிள் இழுக்கும். கேபிள் போய் கார்புரேட்டரில் ஒரு சின்ன லீவரைத் திருப்பும். லீவர் திரும்பினால் உள்ளே ஒரு கதவு திறந்து எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும். காலை எடுத்தால் ஸ்பிரிங் அந்தக் கதவை இழுத்து மூடும். இதில் பெடல் சிக்கலாம், கேபிள் சிக்கலாம், கதவு சிக்கலாம், ஸ்பிரிங் தளரலாம். வேறு என்ன இருக்கிறது? பெடலுக்கு அடியில் பார்த்தேன். ரப்பர் மேட் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. அதை உருவி வெளியே எறிந்தேன். வண்டியை நானே எடுத்துக்கொண்டு தாடிக்கொம்பு வரை போய் மிதிமிதி என்று மிதித்துப் பார்த்தேன். தேன் மாதிரி ஓடியது.

ஏழாம் நாள் மறுபடி வந்தார். இந்தத் தடவை வடமதுரைக்குப் போகும் வழியில். நான் கேபிளைக் கழற்றிப் புதிதாக மாட்டினேன். ஓட்டினேன். ஒன்றும் இல்லை. ஐந்து நாளில் மூன்றாவது தடவை வந்தார். இப்போது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கார்புரேட்டரை இறக்கிப் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவினேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். எஞ்சின் ஆடி கேபிளை இழுக்கிறதோ என்று எஞ்சினைத் தாங்குகிற ரப்பரையும் மாற்றினேன். வேடசந்தூர் வரை விரட்டிக்கொண்டு போய் வந்தேன். டாக்டர் வீட்டு வாசலைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப் போகிற பிள்ளையைப் போல, என் கையில் அந்த வண்டி அத்தனை ஒழுக்கமாக இருந்தது. முப்பது வருஷமாகப் பார்க்கிற வேலை இது. ஒரு கழுதை அம்பாசிடர் என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

மானம் போனால்கூடச் சம்பாதித்துக்கொள்ளலாம். எனக்குப் பயமெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத்தான். செம்பட்டியில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் பொன்னழகு வீட்டுக் கல்யாணம். பொன்னழகு மாப்பிள்ளையாக ஊர்வலம் வந்தது இதே வண்டியில், ஓட்டியது இதே பாய். இப்போது அவர் மகனுக்குக் கல்யாணம். அதே வண்டி, அதே ஆள் வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். பிள்ளையார் கோயிலில் இருந்து மண்டபம் வரை ஒரு கிலோமீட்டர் ஊர்வலம். முன்னால் கொட்டு, அதற்குப் பின்னால் ஆடுகிற இளவட்டங்கள், நடுநடுவே ஓடுகிற சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு முதுகுப் பக்கம் இரண்டு முழத்தில் வண்டி ஊர்ந்து வரவேண்டும். அந்த இடத்தில் ஆக்சிலேட்டர் எழுந்திரிக்காமல் போனால்? கண்ணை மூடினால் கொட்டுச் சத்தமும் எஞ்சின் அலறலும் சேர்ந்து கேட்டது.

வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று பாயிடம் சொன்னேன். அவர் என் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, வலது காலை இடது தொடை மேல் போட்டு, உள்ளங்காலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் தேய்த்தார்.

"வண்டின்னா வேற வண்டி பாத்துக்கலாம் தம்பி. காலுன்னா?" என்றார்.

அதற்கு மேல் எனக்கும் தட்டிக்கழிக்க முடியவில்லை. மூன்று தடவையும் வண்டி அவரிடம்தான் முரண்டு பிடித்தது. நான் ஓட்டியபோது ஒருநாளும் இல்லை. வண்டிக்கும் எனக்கும் பகை இல்லை, பாசமும் இல்லை. அப்படியென்றால் வித்தியாசம் மிதிக்கிற காலில்தான் இருக்க வேண்டும். இதை நான் யோசிக்காமல் இல்லை. யோசித்ததை நம்ப மனமில்லை. சுகர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் தெருவைப் பார்த்தபடியே சொன்னார். சுகர் வந்து பதினெட்டு வருஷம். ஆறு மாதமாக வலது உள்ளங்கால் சரியில்லை. முதலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. "இப்ப பெடல மிதிச்சா, பஞ்ச மிதிக்கிற மாதிரி இருக்கு" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அன்னிக்கு வேடசந்தூர் ரோட்டுல கால எடுத்தேன்னுதான் நெனைக்கிறேன். எடுத்தனா இல்லையான்னு எனக்கே உறுதி இல்ல ராயப்பு. கண்ணு ரோட்டுல இருந்துச்சு. காலு எங்க இருந்துச்சுன்னு காலுக்குத்தான தெரியணும்."

வீட்டில் தெரியுமா என்றேன். தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றார். அவர் மனைவி சர்புன்னிசா பயந்த சுபாவம். தெரிந்தால் சாவியை ஒளித்து வைத்துவிடுவாராம்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நான் மூஞ்சிக்கு நேரே சொல்லியிருப்பேன்: ஓட்டியது போதும், சாவியைக் கீழே வையும் என்று. நாக்கு நுனி வரை வந்தது. நாற்பது வருஷம் அந்தக் காலை வைத்துப் பேர் வாங்கிய மனுஷனிடம் அதைச் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள், இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றேன். பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த நேரம். பட்டறையில் இருப்புக்கொள்ளாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பேகம்பூர் போனேன். என்ன சொல்வது என்று முடிவு செய்துகொண்டு போகவில்லை. வீட்டு வாசலில் வண்டி புறப்படத் தயாராக நின்றது. வடமதுரையில் சர்புன்னிசாவின் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பார்க்கப் போகிறார்கள். திடீரென்று எனக்கு ஒரு யோசனை. பட்டறைக்கு வந்த வண்டியைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். பட்டறைக்கு வராத வண்டியை, அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஸ்கூட்டரை அங்கேயே நிறுத்திவிட்டு, நானும் வருகிறேன் என்று முன் சீட்டில் ஏறினேன்.

சர்புன்னிசாவுக்கு முகம் மாறியது. "இந்த வெயில்ல ஒங்களுக்கு எதுக்குத் தம்பி சிரமம்" என்றார். நான் இறங்குகிற மாதிரி தெரியவில்லை என்றதும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுகிறேன், பானெட்டைத் திறங்கள் என்று கணவரிடம் சொன்னார். தினமும் காலையில் பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது அவர் வேலைதான். காலையில்தானே ஊற்றினாய், ஏறு என்றார் பாய். சர்புன்னிசா ஏறி, பின் சீட்டில் தஸ்பீஹ் மணியை உருட்ட ஆரம்பித்தார். நான் வந்தது பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரைத் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறினோம். பாய் எப்போதும் போல செருப்பைக் கழற்றித் தள்ளியிருந்தார். நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. அவர் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவருக்கும் அது தெரியும். கழுத்தோரம் வியர்வை இறங்கி அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. ஏசி இல்லாத வண்டியில் வைகாசி மாதம் வியர்ப்பது வழக்கம்தான். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று ஆடி ஆடிப் போனது. தாண்டுவதற்காக பாய் மிதித்தார். பெடல் தரை வரை போனது. வண்டி உறுமிக்கொண்டு லாரியைத் தாண்டியது. தாண்டியதும் முன்னால் பார்த்தேன். ரோட்டோரம் ஒரு மில் பஸ் நின்று பெண்களை இறக்கிக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் இந்தப் பக்கம் வருவதற்காக ரோட்டில் கால் வைத்துவிட்டார்கள். வண்டியின் உறுமல் குறையவில்லை.

நான் காலைப் பார்த்தேன். அந்த வெறுங்கால் பெடலுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நின்றது. பெடல் கீழே அமுங்கியபடி கிடந்தது.

"பாய், ஒங்க காலு மேல இருக்கு. பெடல்தான் கீழ கெடக்கு" என்றேன். கத்தினேனா, சாதாரணமாகச் சொன்னேனா என்று நினைவில்லை.

அவர் சாவியைத் திருப்பினார். பிரேக்கில் ஏறி நின்றார். பஞ்சு பாய் வண்டியில் நான் முன்னால் போய் முட்டிக்கொண்டது அன்றுதான். பெண்களுக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது. தூக்குவாளி வைத்திருந்த ஒரு பெண் மட்டும் திரும்பி எங்களை முறைத்துவிட்டுப் போனாள். மற்றவர்கள் பேச்சை நிறுத்தக்கூட இல்லை. எத்தனை அருகில் போய் வந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பெடலைத் தொடாதீர்கள் என்று பாயிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் மறுபடி மிதித்ததும் சரியாகிவிட்டதாகத்தானே சொன்னார். மிதித்தால் தடயம் போய்விடும். நான் இறங்கிப் போவதற்குள் சர்புன்னிசா பின் கதவைத் திறந்து ஓடிப்போய் பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"சூடா இருக்கும் தம்பி. செத்த நேரம் ஆறட்டும். நான் பாத்துக்கிறேன்" என்றார்.

என்னத்தைப் பார்ப்பார்? நகருங்கள் பாயம்மா என்று பானெட்டைத் தூக்கினேன். ஏர் ஃபில்டர் டப்பாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். முன்னால் நின்று பார்த்தால் தெரியாத இடம். கேபிள் வந்து சேரும் லீவருக்குப் பக்கத்தில் ஒரு கருப்புக் கயிறு. கயிற்றில் பாதி விரல் நீளத்துக்கு ஒரு செம்புத் தாயத்து. கட்டியபோது இறுக்கமாக இருந்த கயிறு சூட்டில் தளர்ந்து தொங்கியிருக்கிறது. பெடலை முழுதாக மிதித்து லீவர் அகலத் திறக்கும்போது தாயத்து அந்த இடுக்கில் விழுந்துவிடுகிறது. மூட வருகிற லீவர் அதைக் கவ்விக்கொண்டு அப்படியே நிற்கிறது. பாக்குவெட்டியில் பாக்கு சிக்கிய மாதிரி தாயத்து அங்கே நின்றது.

பாய் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். மூன்று வாரமாக நான் பார்க்காத சிரிப்பு. "என் காலு இல்ல ராயப்பு. பாத்தீங்கல்ல? என் காலு இல்ல" என்று நாலைந்து தடவை சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் நெஞ்சில் இருந்து ஒரு அம்மிக்கல் இறங்கியது. அப்புறம்தான் யார் கட்டினது என்று கேட்டார்.

சர்புன்னிசா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"பெருநாளைக்கு மறுநாளு கொல்லையில போயிட்டு வந்தீங்க. கால்ல ஆணி ஏறியிருந்துச்சு. அதோட வீடு பூரா நடந்தீங்க. தரையெல்லாம் ரத்தம். நீங்க பாட்டுக்கு ஒக்காந்து பேப்பர் படிச்சீங்க. நான்தான் புடுங்கிட்டு, கீறியிருக்குன்னு சொல்லித் துணி கட்டுனேன். ஒங்களுக்குத் தெரியலன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

அதை அவரிடம் கேட்கவும் பயம், வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லவும் பயம். பள்ளிவாசல் அசரத்திடம் போய் அழுதிருக்கிறார். அவர் ஓதி ஒரு தாயத்துக் கொடுத்திருக்கிறார். ஓதிய தாயத்தைக் காலில் கட்டக் கூடாது. கையில் கட்டினால் எதற்கு என்று இவர் கேட்பார்.

"நீங்கதான சொல்லிருக்கீங்க. தண்ணி ஊத்துறப்ப ஒரு நாளு காட்டுனீங்க. நான் அங்க பெடல மிதிச்சா, அந்த மிதி இங்கதான் வந்து சேருதுன்னு. கால்ல கட்ட முடியாததத்தான், ஒங்க காலு வந்து சேர்ற எடத்துல கட்டுனேன்."

"பட்டறைக்கு வந்தப்பல்லாம் நான் பாக்கலையே பாயம்மா" என்றேன்.

"பட்டறைக்குப் போற அன்னிக்கு மட்டும் காலையில அவுத்து வச்சுருவேன் தம்பி. ஓதுன பொருளு. கிரீஸ் கை படுமேன்னுதான்."

நான் என் கையைப் பார்த்தேன். கழுவிவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் நகக்கண்ணில் கருப்பு இருந்தது. மூன்று வாரம் கேபிளையும் ஸ்பிரிங்கையும் மாற்றி மாற்றிச் செத்தவன் நான். நியாயமாக எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. என் ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஆரோக்கியம்மாள் வைத்த வேளாங்கண்ணி எண்ணெய்ப் புட்டி ஒன்று எட்டு வருஷமாக உருண்டுகொண்டிருக்கிறது. அது கசிந்து பிரேக்கில் இறங்காதது என் அதிர்ஷ்டம்.

பாய் சிரிப்பை எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை. லீவரைக் கையால் திருப்பி, தாயத்தை அவரே எடுத்தார். கண்ணில் ஒற்றி, மனைவியின் கையில் கொடுத்தார். அவரிடம் ஒரு சொல்கூடக் கோபமாகச் சொல்லவில்லை. குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். இடது காலை அடிக்கடித் தூக்கிக்கொண்டிருந்தார். வலது கால் சூட்டில் அப்படியே ஊன்றியிருந்தது. நானும் அதைப் பார்த்தேன். சர்புன்னிசா வண்டிக்குள் குனிந்து செருப்பை எடுத்து வந்து கீழே போட்டார்.

பாய் சாவியை என்னிடம் நீட்டினார். கால் மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டதே, நீங்களே ஓட்டுங்கள் என்றேன்.

"இந்தத் தடவ காலு இல்லன்னு ஆச்சு தம்பி. அம்புட்டுத்தான்" என்றார்.

மறுநாள் பாயோடு டாக்டரிடம் போனேன். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் நரம்பு ஒன்றால் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டார் அந்த டாக்டரம்மா. தொடும்போது சொல்லுங்கள் என்றார். பாய் மூன்று தடவை சொன்னார். அதில் ஒரு தடவை டாக்டரம்மா தொடவே இல்லை. இனிமேல் கார் ஓட்டக் கூடாது, வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பாய் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பொன்னழகுக்கு அவரே போன் செய்தார். காலுக்கு உணர்வில்லை, பிள்ளைகள் நடக்கிற இடத்தில் நான் ஓட்ட மாட்டேன், ராயப்பு ஓட்டுவார் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அதற்குப் பொன்னழகு, ஓட்டாவிட்டால் என்ன, முன் சீட்டில் நீங்கள் உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் ஊர்வலம் கிளம்பியது. பின் சீட்டில் மாலையோடு மாப்பிள்ளை. முன்னால் என் இடப்பக்கம் பாய், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக. டாக்டர் சொன்ன மெத்தைச் செருப்பைப் புதிதாக வாங்கிப் போட்டிருந்தார். நான் முதல் கியரில் உருட்டிக்கொண்டு போனேன். முன்னால் கொட்டு அதிர்ந்தது. பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கண்ணாக இருந்தது. ஸ்பிரிங் புதிது, கேபிள் புதிது, தாயத்து இப்போது வண்டியில் இல்லை. எல்லாம் தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை.

பாதி தூரத்தில்தான் கவனித்தேன். பாயின் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அங்கே பெடல் ஏது? வெறும் தகரத் தரை. ஒரு குழந்தை கூட்டத்தை விட்டு விலகினால் அவர் கால் அழுத்தும். அதற்குப் பிறகுதான் நான் பிரேக் பிடிப்பேன். கொட்டுக்காரர் பின்னோக்கி இரண்டு எட்டு வைத்தால் அவர் கால் அழுத்தும். அப்புறம்தான் எனக்குத் தெரியும். ஒரு கிலோமீட்டர் தூரமும் அந்தக் கால் எனக்கு முந்தியே இருந்தது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. போகப்போக நான் ரோட்டைப் பார்ப்பதை விட்டு, ஓரக்கண்ணால் அந்தக் காலைப் பார்த்துத்தான் பிரேக் பிடித்தேன். அதற்கப்புறம் மாப்பிள்ளையின் மாலை ஆடவில்லை.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ அழுத்தியபோது அவருடைய புதுச் செருப்பு காலில் இருந்து நழுவி ஒரு பக்கமாகப் போய் விழுந்தது. எடுத்துப் போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் முன்னால் ஓடும் பிள்ளைகளைப் பார்த்தபடி வெறுங்காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

மண்டப வாசலில் வண்டி நின்றது. மாப்பிள்ளைக்குக் கதவு திறப்பது எப்போதும் அவர்தான். இறங்கி, ஜல்லி பரப்பிய தரையில் நடந்து, பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு காலில் செருப்பு இருந்தது, ஒரு காலில் இல்லை. பொன்னழகு ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்து, அன்றைக்கு எனக்கு எப்படியோ அப்படியே கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள் என்றார். பாய் முகம் மலர்ந்து நின்றார்.

நான் வண்டிக்குள் குனிந்து அந்தச் செருப்பை எடுத்தேன். கூட்டத்துக்குள் புகுந்து போய், அவர் வலது காலுக்கு முன்னால் வைத்தேன். அவர் செருப்பைப் பார்த்தார். காலைப் பார்த்தார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருந்த ஒரு கூரான ஜல்லியைத் தட்டிவிட்டார்.

"எப்ப தம்பி கழண்டுச்சு?" என்றார்.

"இப்பத்தான் பாய், எறங்கையில" என்றேன்.